விருந்தை ஓடவிட்ட ஞாயிறு

தொண்ணூறுகளின் நடுவில், புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டில், டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நாங்கள் நான்கு பேர் குடியிருந்தோம். ஞாயிறு மதியம் ஆட்டிறைச்சிக் கறியும் வாடகை வீடியோவும்தான் எங்களுக்குத் திருவிழா. பாட்டு வந்தால் பார்க்காமல் வேகமாக ஓடவிடுவோம். சண்டை வந்தால் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். ரிமோட் யார் கையிலோ அவன் ராசா.

எங்களில் மூத்தவரான அண்ணை ரஷ்யாவில் எஞ்சினியருக்குப் படித்தவர். இங்கே அந்தப் படிப்பை யாரும் ஏற்கவில்லை. தொழிற்சாலையில் என்னோடு பெட்டி அடுக்கினார். அதிகம் பேசமாட்டார். ஒரு ஞாயிறு, ரஷ்யக் கடையொன்றில் தேடிப் பிடித்த இரண்டு கசெற்றுகளோடு வந்தார். ஒரு மாயாஜாலப் படத்தின் இரண்டாம் பாகம். முதற்பாகத்தை நாங்கள் பார்க்காததால் அந்தக் கதையையும் நின்றபடியே, கையை வீசி வீசிச் சொல்லி முடித்தார். கீழே ஆங்கில எழுத்தும் ஓடாத ரஷ்ய மொழிப் படம்.

"நான் சொல்லுறன், நீங்கள் பாருங்கோ" என்று தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார்.

கண்ணைப் பறிக்கும் படம்தான், பொய் சொல்லக்கூடாது. வெள்ளி இலைக் காடு, பனிக்கட்டி அரண்மனை, மேகத்தை உழுதுகொண்டு போகும் குதிரைகள். ஆனால் ஒரு குதிரை காட்டைக் கடக்கப் பத்து நிமிடம். ராசா வீட்டு விருந்தோ முடிகிற பாடில்லை. அண்ணை மட்டும் களைக்கவில்லை. கிழவன் பேசினால் கிழவன் குரல், சூனியக்காரி பேசினால் அவள் குரல், முதலில் ரஷ்ய மொழியில், பிறகு தமிழில். அவருக்குள் அத்தனை குரல் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

"அண்ணை, பனி பார்க்க வீடியோ ஏன்? யன்னல் சீலையை விலத்தினால் காணும்" என்றான் ஒருவன்.

அவரும் சிரித்தார். "பொறடாப்பா, இனித்தான் கதை."

நான் ரிமோட்டை அமத்தி விருந்தை ஓடவிட்டேன். பாட்டை ஓடவிட்டுப் பழகிய விரல்.

"நிப்பாட்டு! உந்த விருந்திலைதான் கதாநாயகன் தாயைக் கண்டுபிடிக்கிறான்."

சொலவடை கிடைத்தால் விடாத வாய் என்னுடையது. "உதைப் பார்க்கவோ அண்ணை ரஷ்யா வரைக்கும் போய்ப் படிச்சனீங்கள்? அறப்படிச்ச பல்லி கூழ்ப்பானைக்குள்ளை விழுந்ததாம்!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாங்கள் பெட்டி அடுக்கும் தொழிற்சாலைதான் அந்தக் கூழ்ப்பானை என்று எனக்கு உறைத்தது, அவருடைய முகத்தைப் பார்த்த பிறகு.

"ஓம்" என்றார். அவ்வளவுதான். படம் ஓடியது, குரல் நின்றுவிட்டது. ஒரு சொல் விளங்காமல் முழுவதையும் பார்த்தோம். ரிமோட்டை யாரும் தொடவில்லை.

முடிந்ததும் கேட்டேன். "கடைசியிலை என்ன அண்ணை நடந்தது?"

"எல்லாரும் சுகமா இருந்தினமாம்."

திரையில் அந்தத் தாய் ஆற்றங்கரையில் தனியே நின்று அழுததை நான் பார்த்திருந்தேன்.

அவர் கோப்பை கழுவப் போனார். பின்னாலேயே போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் இன்னொரு சொலவடைதான் நாவில் வந்து நின்றது. விழுங்கிவிட்டு, கழுவிய கோப்பைகளைத் துடைத்து வைத்தேன். அவர் விட்பி என்ற ஊருக்கு மாறிப் போகும்வரை இன்னும் இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். ரஷ்ய மொழியில் ஒரு சொல்கூடப் பிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.