தவக்காலப் பாட்டின் வேகம்

ஊர்காவற்றுறையில் ஒரு தேவாலயப் பாடகர் குழு பாடும் பழைய தவக்காலப் பாட்டொன்றை ஒலிப்பதிவு செய்யப் போயிருந்தேன். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளும் விரும்பிக் கேட்கட்டும் என்று வேகத்தையும் சுதியையும் கொஞ்சம் கூட்டியிருந்தேன்.

முன்வரிசையில் மண்டைதீவிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு பெண் நின்றார். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி. பாடும்போது குதிக்காலால் தாளம் தட்டுவது அவர் பழக்கம். மற்றவர்கள் என் வேகத்துக்குப் பாட, அவருடைய கால் மட்டும் பின்தங்கியே தட்டியது. மூன்றாம் முறையும் பதிவு கெட்டபோது எரிச்சலோடு கேட்டேன்.

“அக்கா, ஏன் இழுக்கிறியள்?”

“தம்பி, சண்டைக்காலத்திலை இதைச் சவப்பெட்டிக்குப் பின்னாலை நடந்து படிச்சனாங்கள். தூக்க ஆம்பிளையள் இல்லை. பொம்பிளையள்தான் தூக்கினவை. அவையின்ரை நடையை விட்டிட்டுப் பாட்டு ஓட ஏலுமே?”

“அப்ப சுதி?”

“சத்தம் தூரத்துக்குக் கேட்டிடும் எண்டு பயம். அதாலை கீழைதான் படிச்சனாங்கள்.”

சுதியை இறக்கினேன். நான் போட்டிருந்த தாளத்தை நிறுத்திவிட்டு, அவர் கால் தட்டுவதைப் பார்த்து அதே வேகத்தில் குழுவுக்குக் கைகாட்டினேன். ஒரே தடவையில் பதிவு முடிந்தது. அதைத் திரும்பப் போட்டுக்காட்டியபோது அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கடைசிவரை நின்று கேட்டார்.

“சரியோ அக்கா?”

“ஓம். அப்பிடியேதான்.”

பிரதி அனுப்புவதற்காக எல்லோருடைய தொலைபேசி எண்களையும் வாங்கினேன். அவர் மட்டும் தரவில்லை.

“எனக்கு வேண்டாம் தம்பி. வீட்டிலை தனிய இருந்து இதைக் கேக்க ஏலாது.”

அவர் அந்தச் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவரா, அதற்குள் கிடந்தவரின் சொந்தமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.