துரையோடு ஒரே மேசையில்

லண்டனில், மோர்டனில் மகள் வீட்டில் இருந்த காலத்தில் ஒரு கிழத்துரைக்குச் சமைக்கப் போய்வந்தேன். பிரபு குடும்பத்துப் பிள்ளை. இளவயதில் வீட்டை விட்டு ஓடி, எங்கோ இருந்த ஏழைகளுக்காக இரண்டு தேசத்துப் புரட்சிகளில் துவக்குத் தூக்கியவராம். முழங்காலில் குண்டுத் தழும்பைத் தடவித் தடவிக் காட்டுவார். எங்கள் ஊர்ச் சண்டைக்குத் தப்பி ஓடிவந்தவள் நான். அந்தக் கதை கேட்டாலே எனக்குக் களைப்புத்தான்.

மத்தியானத்தில் தன் பக்கத்துக் கதிரையை இழுத்து, இருக்கச் சொல்லிக் கைகாட்டுவார். நான் தலையாட்டி மறுத்துவிட்டு, வீட்டிலிருந்து கட்டிவந்த சோற்றைக் குசினியில் அடுப்புப் பக்கம் நின்றபடி சாப்பிடுவேன். அவர் முகம் சுருங்கிவிடும்.

அவரை முதியோர் இல்லத்துக்கு அனுப்ப முடிவானது. போவதற்கு முதல் நாள் என் மகளைக் கூப்பிட்டு, எனக்கு விளங்காத இங்கிலீசில் ஏதோ சொன்னார்.

"அம்மா, துரை எண்டு பயத்திலதான் நீங்கள் பக்கத்தில இருக்கிறேல்லை எண்டு நினைக்கிறார். எல்லாரும் ஒரு மேசையில இருந்து சாப்பிடோணும் எண்டுதானாம் சண்டைக்குப் போனவர். போறதுக்கு முதல் ஒருக்காவாவது இருக்கட்டாம். மனுசன் அழுமாப்போல நிக்குது."

"ஆருக்கு ஆர் பயம்? மாட்டிறைச்சி அவிச்ச சட்டி, அதைப் போட்டுத் திண்ட கோப்பை. அதில நான் வாய் வைப்பனே?"

"ஐயோ, இதை எப்பிடியம்மா சொல்லுறது?"

"உள்ளதைச் சொல்லு."

சொன்னாள்.  அவர் இருமல் வரும்வரை சிரித்தார்.

"அப்ப இந்த வீட்டில தான்தானோ கீழ்ச்சாதி எண்டு கேக்கிறார்."

"ஓம் எண்டு சொல்லு."

"அம்மா!"

நான் ஓமென்று தலையாட்டியதே அவருக்குப் போதுமாயிருந்தது. மறுபடியும் சிரித்தார்.

மறுநாள் என் சட்டியில் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் கொண்டுபோனேன். அவருக்கு எறிந்துவிடுகிற கடதாசித் தட்டு போதுமென்றுதான் முதலில் எடுத்தேன். பிறகு அதை வைத்துவிட்டு, எங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டிலேயே இரண்டு எடுத்தேன். அவர் பக்கத்துக் கதிரையில் இருந்ததும் கால் உளைவு கொஞ்சம் இறங்கியது. அவர் கரண்டியைத் தள்ளிவிட்டுக் கையால் அள்ளினார். பாதிச் சோறு சட்டையில் கொட்டியது. நான் பார்க்காததுபோல் என் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

இன்னும் கொஞ்சம் பருப்பு வேண்டுமென்று தட்டை நீட்டினார். ஊற்றினேன். இல்லத்துக் கார் வந்து வாசல் மணியடிக்கும்வரை இரண்டு பேரும் எழும்பவில்லை.