ஏழாவது வாக்குச்சாவடி

வெர்னா ஹிளாடுன் ஓட்டிய பள்ளிப் பேருந்தில் ஏறாத ஆள் வடக்கே எண்ணெய்க் கிணறுகளை நம்பியிருந்த லார்ச்வுட் ஊரில் குறைவு. இருபத்தொன்பது வருடம் ஓட்டியிருந்தாள். இன்றைக்கு எண்ணெய்க் கிணறுகளில் மேஸ்திரிகளாக இருப்பவர்களும் நகராட்சி நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்களும் ஒருகாலத்தில் "சீட்ல ஒழுங்கா உக்காரு" என்று அவளிடம் திட்டு வாங்கியவர்கள்தான். ஓய்வு பெற்ற அன்று ஊரே கூடி கேக் வெட்டியது. உன்னோடு பேச ஆளில்லாத காலம் வரும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

அடுத்த வருடம் மே மாதத்திலேயே காடு பற்றிக்கொண்டது. ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். ஓட்டுநர் போதவில்லை என்று அவளைக் கூப்பிட்டார்கள். முதியோர் இல்லத்திலிருந்து முப்பத்திரண்டு பேரை ஏற்றிக்கொண்டு தெற்கே கிளம்பினாள். இரண்டு மணி நேரப் பாதைக்கு ஒன்பது மணி நேரம் பிடித்தது. புகை மூட்டத்தில் பகல் ஒரு மணிக்கே முகப்பு விளக்கைப் போட வேண்டியிருந்தது. பின்னால் இருந்த கிழவர் ஒருவர், "இருட்டிப் போச்சே, ராத்திரிச் சாப்பாடு இன்னும் தரலையே" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

ஊர் தப்பியது. திரும்பி வந்தவர்கள் கூரையில் படிந்த சாம்பலைக் கழுவிவிட்டு வேலைக்குப் போனார்கள். வெர்னாவால் அப்படி மறந்துவிட முடியவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க நூலகத்தில் உட்கார்ந்து படித்தாள். காடு ஏன் முன்னைவிடச் சீக்கிரம் காய்கிறது, பனி ஏன் தாமதமாக விழுகிறது என்பதெல்லாம் மெல்ல மெல்லப் புரிந்தது. வசந்தம் வந்ததும் ஒரு அட்டையில் "அடுத்த தீக்கு முன்னால் ஏதாவது செய்வோம்" என்று எழுதிக்கொண்டு, சனிக்கிழமை காலைகளில் தபால் நிலையத்துக்கு எதிரே நிற்க ஆரம்பித்தாள். பிக்கப் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அது வாழ்த்து இல்லை என்று அவளுக்கே தெரியும்.

பிப்ரவரிதோறும் அவளும் கணவனும் தோழிகளுமாக மூன்று ஜோடிகள் சேர்ந்து மெக்சிகோ கடற்கரைக்குப் போவது வழக்கம். விமானம் விடும் புகையும் பூமியைச் சூடாக்குகிறது, இனி ஏறமாட்டேன் என்றாள். அவள் கணவன் லாய்ட் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவர்களோடு தனியாகப் போய்வந்தான். அதற்குப் பிறகு தோழிகள் அவளை எதற்கும் கூப்பிடுவதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. அவள் பக்கத்தில் இருந்தால் எல்லாரும் வார்த்தையை அளந்து பேச வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மாகாணத் தேர்தல் வந்தபோது சுயேச்சையாக நின்றாள். ஜெயிப்போம் என்ற நினைப்பில்லை. வேட்பாளர் என்றால் கதவைத் தட்டலாம், தட்டினால் யாராவது பேசுவார்கள் என்று நினைத்தாள்.

பேசினார்கள்தான். பக்கத்துத் தெரு டுவெய்ன் கதவைத் திறந்ததும் சிரித்துவிட்டான்.

"வெர்னா! என்ன, பஸ்ஸை விட்டுட்டு இப்ப பூமியையே ஓட்டக் கிளம்பிட்டீங்களா?"

"ரெண்டு நிமிஷம் பேசலாமா டுவெய்ன்?"

"போன ஜனவரில மைனஸ் நாப்பது. கொஞ்சம் சூடானா நல்லதுதானேன்னு என் மூக்கு சொல்லுது."

"தீ வந்தப்ப உன் அம்மாவ நான்தானே ஏத்திட்டுப் போனேன்."

அவன் சிரிப்பு நின்றது. "அத நான் மறக்கல. அதுக்காக நான் வேலை பாக்கற எண்ணெய்க் கிணத்த மூடணும்னு சொல்றவங்களுக்கு எப்படி ஓட்டுப் போடறது? ரெண்டு பிள்ளைங்க இருக்கு எனக்கு."

"மூடச் சொல்லல டுவெய்ன். அடுத்து என்னன்னு இப்பவே யோசிக்கச் சொல்றேன்."

"யோசிக்கறதுக்கு எனக்குச் சம்பளம் இல்லையே" என்றான். கதவைச் சாத்தும்போது மட்டும் மெதுவாகச் சாத்தினான்.

அந்த ஆறு வாரமும் லாய்ட்தான் அவளுக்குத் துணை. விளம்பரப் பலகைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், மண் இன்னும் இளகாத இடங்களில் கம்பியை அடித்து இறக்கினான். சொந்த வாசலிலும் ஒன்றை நட்டான். கொள்கையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. நடுகிறானே, அது போதும் என்றிருந்தது.

ஓட்டுப்போடும் நாளன்று வடக்கே எங்கோ காடு எரிந்து, ஊருக்குள் மெல்லிய புகை இறங்கியிருந்தது. இருவரும் சேர்ந்தே போனார்கள். தேவாலயக் கூடத்தின் கதவை லாய்ட் அவளுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

தொகுதி முழுக்க அவளுக்கு விழுந்தது இருநூற்றுப் பதினொன்று. எதிர்பார்த்ததைவிட அதிகம். சாவடிவாரியான கணக்கு சில வாரம் கழித்து வெளியானது. நூலகக் கணினியில் விரலால் வரிசையைத் தொட்டுக்கொண்டே இறங்கினாள். ஏழாவது சாவடி, தேவாலயக் கூடம். அவள் பெயருக்கு நேரே ஒன்று.

வேறு ஏதோ வரிசையைப் பார்த்துவிட்டோம் என்று மறுபடி பார்த்தாள். ஒன்றுதான். அது அவள் போட்டது.

வீட்டுக்கு வந்தபோது லாய்ட் கொட்டகையில் புல்வெட்டும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டிருந்தான்.

"கணக்கு வந்துடுச்சு லாய்ட். நம்ம சாவடில எனக்கு ஒரே ஒரு ஓட்டு."

துணியில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"ஓட்டுச்சீட்டுல குறிக்கற பென்சிலக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன் வெர்னா. உன் பேரைப் பாத்தேன். முப்பத்தொரு வருஷம் அந்த எண்ணெய்க் கிணத்துல கெடந்தேன். இந்த வீடு, நம்ம பையன் டேரன் படிப்பு எல்லாம் அதுல வந்ததுதான். நீ சொல்றது சரின்னா நான் செஞ்சதெல்லாம் என்ன? கை போகல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அழுவே."

"இப்ப மட்டும்?"

அவன் இயந்திரத்தின் பக்கம் குனிந்துகொண்டான். அவள் அழவில்லை. உள்ளே போய் உருளைக்கிழங்கு தோல் சீவினாள். அன்று மாலை ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கோபமென்றால் கத்தித் தீர்த்திருப்பாள். அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரு அறையைப் பூட்டி வைத்த மாதிரி இருவரும் சுற்றிச் சுற்றி நடந்தார்கள்.

இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அடித்தது.

"நீங்கதானே தேர்தல்ல நின்ன வெர்னா? நான் ஐடா கார்டினல். நம்ம தொகுதில வடக்க ஒரு ஏரி இருக்கே, அதோட வடகரையில எங்க ஊர் தபால் கவுண்டர்ல இருக்கேன். நீங்க அனுப்பின நோட்டீசை நான்தான் ஒட்டினேன். நாலு தடவ கிழிச்சாங்க. நாலு தடவயும் ஒட்டினேன்."

"அடேயப்பா!"

"எங்க சாவடியில உங்களுக்கு ஒண்ணுதான். அது நான்." அந்தப் பக்கம் கொஞ்சம் மூச்சு வாங்கியது. "குளிர்காலத்துல உறைஞ்ச ஏரி மேல போடற எங்க பனிப்பாதை போன வருஷம் அஞ்சு வாரம்தான் தாங்குச்சு. யார்கிட்ட சொன்னாலும் அடுத்த வருஷம் சரியாயிடும்கறாங்க. சும்மா யார்கிட்டயாவது பேசணும்போல இருந்துச்சு."

ஒன்றேகால் மணி நேரம் பேசினார்கள். அடுத்த ஞாயிறும் பேசினார்கள். புகை நாட்களில் பிள்ளைகள் மூச்சு விட ஒவ்வொரு பள்ளியிலும் காற்று வடிகட்டிய அறை வேண்டும் என்று இருவரும் சேர்ந்து பள்ளி வாரியத்துக்கு எழுதினார்கள். பதினேழு கடிதம் போனது. கடைசியில் ஒரே ஒரு அறைக்கு அனுமதி கிடைத்தது, அதுவும் ஐடாவின் ஊர்ப் பள்ளிக்கு. லார்ச்வுட்டுக்கு இல்லை. வாரியத்தின் பதிலை லாய்ட் மேசையிலிருந்து எடுத்துப் படித்தான். "ஒண்ணாவது கிடைச்சுதே" என்றான். வெர்னா தலையாட்டினாள்.

வெர்னாவும் ஐடாவும் இன்னும் நேரில் பார்த்ததில்லை. கோடையில் போகலாம் என்று இரண்டு தடவை திட்டம் போட்டாள். இரண்டு தடவையும் தீயால் பாதையை மூடிவிட்டார்கள். சனிக்கிழமை வந்தால் அதே அட்டையோடு தபால் நிலையத்துக்கு எதிரே பன்னிரண்டு மணிவரை நிற்கிறாள். கால் மரத்துப்போனால் இடம் மாறி நிற்கிறாள்.