சனிக்கிழமை பிறக்கவிருந்த துணிக் குழந்தை

துணிப் பொம்மை ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் புரட்டிப்போட்டு முதுகைப் பார்ப்பேன். போன வாரம் செபராங் ஜெயாவில் எங்கள் அலுவலகத்துப் பெண் ஒருத்தி, மகளின் பிறந்தநாளுக்கு இணையத்தில் வாங்கிய பொம்மையை மேசை மேசையாகக் காட்டிக்கொண்டு வந்தாள். ஆளாளுக்குக் கன்னத்தைக் கிள்ளினார்கள். நான் சட்டையைத் தூக்கி, பஞ்சு அடைத்த வாயை எங்கே தைத்து மூடியிருக்கிறார்கள் என்று தேடினேன்.

"அக்கா, அது பொம்மை லா. ஆஸ்பத்திரி கேஸ் இல்ல," என்றாள்.

உள்ளே செயற்கைப் பஞ்சு. அமுக்கினால் உடனே எழும்பிவிடுகிறது. இலவம்பஞ்சு அப்படியில்லை. மூக்கில் ஏறும், கண்ணில் ஒட்டும், தும்மித் தும்மியே அடைக்க வேண்டும். அந்தத் தும்மலோடு என் பதினோராவது வயதும் வந்துவிடும்.

அப்போது நாங்கள் ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில், இரண்டு அறைகளில் குடியிருந்தோம். அப்பா துறைமுகக் கிடங்கில் கணக்கு எழுதும் கிராணி. அம்மாவுக்கு பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. கண்ணுக்குத் தெரியாத கம்பிகளையெல்லாம் அங்கே ஒட்டவைப்பாள். வீட்டில் ஒரு சட்டைப் பொத்தான் தைக்க வராது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த வாரம் எனக்கு உதவ ஆளில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் இருந்தது. மாதா கோயிலில் குடில் ஜோடிக்க எங்கள் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டிருந்தார்கள். குடிலில் வைக்கும் சுரூபச் சிலைகளைத் துணியால் துடைக்கச் சொன்னார்கள். துடைத்தால் போதாது என்று எனக்குத் தோன்றியது. குழந்தை யேசுவைக் குழாயடிக்குக் கொண்டுபோய் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினேன். வழுக்கியது. தலை ஒரு பக்கம், உடம்பு மூன்று துண்டு.

சத்தம் கேட்டு சவரிமுத்து அங்கிள் வந்தார். கோயிலைத் திறப்பது, மூடுவது, மணியடிப்பது எல்லாம் அவர்தான். பிள்ளைகுட்டி இல்லாதவர், பிள்ளைகளைக் கண்டால் விரட்டுகிறவர். அன்று விரட்டவில்லை. படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"முப்பது வருஷமா நான் தூக்கி வெச்ச பிள்ளை லா இது."

திட்டியிருந்தால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் திட்டாததால் வாய் தானாகச் சொன்னது: "நான் வேற செஞ்சு தரேன், அங்கிள்."

"செய்றியா? இது என்ன கொழுக்கட்டையா? கொம்தார் கடைங்கள்ல ஒரு பிளாஸ்டிக் பொம்மை வாங்கிக்கலாம், போ."

"அதுக்கு மஞ்ச முடி இருக்கும். கண்ண மூடி மூடித் திறக்கும். நான் சனிக்கிழமைக்குள்ள செஞ்சு தரேன்."

எனக்குத் தைக்கத் தெரியாது என்பது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பஞ்சுக்கு என் தலையணையைக் கிழித்தேன். துணிக்கு அம்மாவின் காப்பி நிற உள்பாவாடை. அதைக் கேட்டு எடுத்திருக்கலாம். அவள் வேலையில் இருந்தாள், எனக்கோ அவசரம். வேலை முடிந்து வந்தவள் பாவாடையை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள். பின்பக்கத்தில் குழந்தை உருவத்தில் ஓர் ஓட்டை. அதன் வழியாக என்னைப் பார்த்தாள்.

"முன்பக்கத்துலயும் ஒண்ணு வெட்டிக்க. ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இருக்கும்."

கிண்டலாகத்தான் சொன்னாள். நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன். அதுவும் நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் முதல் பொம்மை தேறவில்லை. விளிம்பை ஒட்டித் தைத்ததால், உள்ளே வெளியே புரட்டும்போது தையல் பிரிந்து, அடைத்ததும் அக்குளில் பஞ்சு பிதுங்கியது. பொம்மையின் கை என் விரல் தடிமன்கூட இல்லை, அதைப் புரட்டவே முடியவில்லை.

பக்கத்து அறைகளில் தேவியின் குடும்பம் இருந்தது. அவளுக்கு அம்மன் கோயில், எனக்கு மாதா கோயில். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஒரே பஸ். அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கீழே காப்பிக்கடைக்கு ஓடினாள். மீ நூடுல்ஸ் சாப்பிடும் குச்சி ஒன்றோடு வந்தாள். அதை உள்ளே விட்டுத் தள்ளினால் எவ்வளவு குறுகிய கையும் புரண்டுவிடுகிறது. பஞ்சையும் அதே குச்சியால் சுண்டுவிரல் நுனியளவு, சுண்டுவிரல் நுனியளவாகத் தள்ளினோம். இரண்டு பேரும் தும்மினோம். வியாழக்கிழமை இரண்டாவது பொம்மை முடிந்தது. தூக்கி நிறுத்தினால் தலை பின்னால் சாய்ந்துவிட்டது.

"கழுத்துல எலும்பு இல்ல லா," என்றாள் தேவி.

"வேற செய்யலாம்."

"இன்னொண்ணா? பாவாடையே முடிஞ்சி போச்சு!"

முடியவில்லை, இடுப்புப் பக்கம் கொஞ்சம் மிச்சமிருந்தது. மூன்றாவதில் கழுத்துக்குள் ஐஸ்கிரீம் குச்சி வைத்தோம். இந்த முறை விளிம்பிலிருந்து ஒரு விரல் தள்ளி, ஊசியைப் பின்னால் குத்தி முன்னால் எடுத்துத் தைத்தேன். விரல்நுனியெல்லாம் பொத்தல். தலை நின்றது. வாயைப் பொத்திக்கொண்டு நான் அழுததை தேவி பார்க்காதது போல இருந்தாள்.

வெள்ளிக்கிழமை சட்டைத் துணிக்காக இருவரும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு துணிக்கடைக்குப் போனோம். கடைக்காரரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். மெல்லிய வெள்ளைத் துணி ஒரு முழம் கேட்டேன்.

"யாருக்கு?"

"குழந்தைக்குச் சட்டை தைக்க, நானா."

"எத்தனை மாசம்?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இன்னும் பொறக்கல. நாளைக்குத்தான்."

நானா கத்தரிக்கோலை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தேவி எனக்குப் பின்னால் சிரிப்பை அடக்கிக் குலுங்கினாள். "டாக்டர் நாள் சொல்லிட்டாரா? நல்லது, நல்லது. வளர்ற பிள்ளை, கொஞ்சம் கூடவே இருக்கட்டும்," என்று அரை முழம் அதிகமாக வெட்டினார். அந்த அரை முழம்தான் காப்பாற்றியது. முதல் சட்டையில் தலை நுழையவில்லை. இரண்டாவதை முதுகில் திறந்துவிட்டு அமுக்குப் பொத்தான் வைத்தேன். தேவி தன் தீபாவளிப் பாவாடையின் ஓரத்திலிருந்து ஒரு துண்டு சரிகையைத் தந்தாள். அதைக் கழுத்தைச் சுற்றித் தைத்தோம்.

முகம் சனிக்கிழமை காலையில். திறந்த கண் போட எனக்குத் தைரியம் வரவில்லை. கறுப்பு நூலில் இரண்டு வளைவு, அவ்வளவுதான். குழந்தை தூங்கியது.

மாலைப் பூசைக்கு முன் அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, அம்மாவோடு கோயிலின் பின்னறைக்குப் போனேன். மேசையில் கொம்தார் பொம்மை தயாராக உட்கார்ந்திருந்தது, மஞ்சள் முடியோடு. பாடகர் குழு அக்கா ஒருத்தி என்னுடையதை எட்டிப் பார்த்தாள்.

"அழகாத்தான் செஞ்சிருக்க. ஆனா இப்படிக் கறுப்பாவா?"

நான் துண்டை இழுத்து அதன் முகத்தை மூடினேன். அம்மா பதில் சொன்னாள்: "எங்க வீட்டுப் பிள்ளைங்க இந்தக் கலர்தான் மா. மூணு தடவ செஞ்சிருக்கா. என் பாவாடை போச்சு."

சவரிமுத்து அங்கிள் கையை நீட்டினார். பழைய சுரூபத்தை அவர் விளக்கு ஏந்துவது போல நெஞ்சுக்கு முன்னால் பிடித்து வருவார்; நான் வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். இதை வாங்கியதும் கை தானாக மடங்கியது. குழந்தையின் தலை அவர் முழங்கை மடிப்பில் போய் உட்கார்ந்தது. மற்றொரு கையால் அவர் அதன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டுகிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். மணி அடிக்க நேரமாகியும் தட்டிக்கொண்டே நின்றார். கொம்தார் பொம்மையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

பூசை முடிந்து சனம் வரிசையாக வந்து குழந்தையின் காலில் வாய் வைத்து முத்தி செய்தது. கடைசி ஆள் போனபோது வலது கால் முழுக்க ஈரம். தையல் ஒன்றுகூட விடவில்லை.

மூன்று கிறிஸ்துமஸ் அந்தக் குழந்தைதான் குடிலில் தூங்கியது. நான்காம் வருஷம் யாரோ புண்ணியவான் புதிய சுரூபங்கள் வாங்கித் தந்தார். "இத நான் வெச்சுக்கவா, பாப்பா?" என்று அங்கிள் கேட்டார். என்னிடம் எதையும் கேட்டுச் செய்கிற மனிதர் இல்லை அவர். எனக்கு அது வேண்டும்தான். "வெச்சுக்குங்க, அங்கிள்," என்றேன்.

பிறகு வாடகை ஏறியது. ஒரே வருஷத்தில் தெரு காலியானது. நாங்கள் செபராங் ஜெயாவுக்கு வந்தோம், தேவி வீட்டார் நிபோங் திபாலுக்குப் போனார்கள். அதே தெருவில் குடியிருந்த அங்கிள் எந்த உறவுக்காரர் வீட்டுக்குப் போனார் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கேட்டிருக்கலாம். எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம்.

இரண்டு வருஷத்துக்கு முன் அந்தத் தெருவுக்குப் போனேன். அங்கிள் குடியிருந்த வீடு இப்போது தங்கும் விடுதி. முன்னறையில் வரவேற்பு மேசை. அங்கிருந்த சீனப் பெண், "செக்-இன், ஆன்ட்டி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். இல்லையென்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். சுவர்களுக்குப் புதிதாக வண்ணம் அடித்திருந்தார்கள், சன்னல்தோறும் பூத்தொட்டி. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தேன். எங்கள் காலத்தில் மாடிதோறும் துணி தொங்கும்; இப்போது ஒரு கொடியில்கூட ஒரு சட்டை காயவில்லை.