நர்ஸ் கழுத்தில் கிடந்த சிலுவை

ஒன்பது வயதில் என்னை வெறிநாய் கடித்தது. அப்பா இண்டூரிலிருந்து பஸ்ஸில் தருமபுரிக்குக் கூட்டிப்போனார். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி, நாளுக்கு ஒன்று, ஒன்றை விட்டாலும் பிள்ளை தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஊசியைவிட நான் பயந்தது அதைப் போட வந்த நர்சுக்கு. அவர் குனிந்தபோது கழுத்திலிருந்து ஒரு சிலுவை வெளியே விழுந்து என் முகத்துக்கு நேரே ஆடியது.

நான் அதுவரை சிலுவையைப் பார்த்தது பஞ்சாயத்து டிவியில்தான். ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் கடத்தல்காரன் கழுத்தில் கிடக்கும். அவனோடு உட்கார்ந்து குடிக்கிறவள் கழுத்திலும் கிடக்கும். "என்னா மேன்" என்று பேசுவார்கள். ஒரு படத்தில் அப்படி ஒருத்தி நர்ஸ் உடையில் வந்து, கட்டிலில் கிடந்தவனுக்கு விஷ ஊசி போட்டுக் கொன்றாள். பெரியவர்கள் கடலைக்காய் உரித்துத் தின்றபடி பார்த்தார்கள். எங்கள் தெருவில் கிறிஸ்தவர் ஒருவரும் கிடையாது. அவர்கள் அப்படியில்லை என்று எங்களுக்குச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

நர்சின் கையைக் கடித்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் புகுந்தேன்.

"நாய் கடிச்ச புள்ள நர்சம்மாவக் கடிச்சிருச்சு! அவங்களுக்கும் பதினாலு போடுங்க!" என்று பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு பெண் சிரித்தாள்.

நர்ஸ் தரையில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தார். "எதுக்கு பாப்பா இப்படிப் பயப்படற?"

"நீ விஷ ஊசி போட்டுருவ. கழுத்துல அது இருக்குது."

"டிவி பாத்துட்டு ஒளறுதுங்கம்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் அப்பா.

"எங்க வூட்டுலயும் ராகிக் களிதான் கண்ணு. கம்பைநல்லூருப் பக்கம் எங்கப்பா காட்டுல மஞ்சள் போடறாரு" என்றார் நர்ஸ்.

எங்கள் பேச்சையே பேசினார். அப்படியும் நான் நம்பவில்லை. என்னை ஏமாற்றத்தான் இப்படிப் பேசுகிறாள் என்று நினைத்தேன். சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

அவர் சங்கிலியைக் கழற்றி அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். "இந்தா, உங்கப்பா கிட்டயே குடுத்துட்டேன். வா."

அப்பா நெருப்பை ஏந்தியவர்போலக் கையை நீட்டியபடி நின்றார். நான் வெளியே வந்து படுத்தேன். ஊசி இறங்கியது.

மறுநாளிலிருந்து, நான் வாசலில் தெரிந்ததுமே அவர் கழற்றி வைத்துவிடுவார். நான் அவர் கழுத்தைப் பார்த்த பிறகுதான் சட்டையைத் தூக்குவேன். கடைசி நாள் வரை அப்படித்தான். அது கழுத்திலேயே இருக்கட்டும் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அப்பாவுக்கும் தோன்றவில்லை.