மேடம்தான் பேசறேன்

"போனை மேடம்கிட்டக் குடுங்க சார்."

"மேடம்தான் பேசறேன்."

"விளையாடாதீங்க சார். அவசரம்!"

"எனக்கும் அவசரம்தான். எந்த வண்டி, அதச் சொல்லுங்க."

மறுமுனை விழித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி கிளம்பும் நேரத்தையும் மேடை எண்ணையும் மடமடவென்று சொல்லி, ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "காலைலேர்ந்து இது நாலாவது 'சார்'."

பேருந்து நிலையத்தின் அறிவிப்பாளர் அவர். வயது நாற்பத்திரண்டு. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. அந்தச் சின்ன உடம்பிலிருந்து கிளம்பும் குரலோ, காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் நின்று யாரோ பேசுவது போலிருக்கும். நடத்துநர்களுக்கு அவர் 'மைக் அக்கா'. பேசும்போது ஒரு கை மைக்கைப் பிடித்திருக்கும். மறு கை காற்றில் பேருந்துகளை ஒவ்வொன்றாகத் தள்ளி நிறுத்திக்கொண்டிருக்கும்.

பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் அவரைப் பின்வரிசைக்கு அனுப்பி, "நீ வாய மட்டும் அசை, போதும்" என்றாராம். "மூணு வருஷம் அசைச்சேன். வாய் வலிச்சதுதான் மிச்சம்!" வீட்டில் போனை எடுத்தால், அண்ணன் என்று நினைத்து அண்ணனின் நண்பர்கள் கெட்ட வார்த்தையில் கொஞ்சுவார்களாம். வளர்ந்ததும் மூக்கிலிருந்து வரும் மெல்லிய குரல் ஒன்றைத் தயார் செய்துகொண்டார். "அடுத்தவங்க செருப்பப் போட்ட மாதிரி. நடக்கலாம், ஓட முடியாது."

கல்யாணமாகி ஒரு வருடம்வரை கணவருக்கே அசல் குரல் தெரியாது. ஒருநாள் குளியலறையில் பல்லி தோளில் விழ, இவர் அலற, கணவர் கட்டையோடு ஓடிவந்து கதவைத் தட்டினாராம். "உள்ள எவன்டா அது?"

"அப்புறம் விழுந்து விழுந்து சிரிச்சாரு. நான் சிரிக்கல" என்றார். அதைச் சொன்னபோதும் அவர் சிரிக்கவில்லை.

டிக்கெட் கொடுக்கும் சன்னலில் பதினோரு ஆண்டுகள் இருந்தார். பேச்சைவிட விரல்கள்தான் அதிகம் வேலை பார்த்தன.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், கொட்டும் மழையில் ஒரு பக்கத்து வாசல் முழுகிப்போய், எல்லா வண்டிகளுக்கும் மேடை மாறியது. அன்றைக்குப் பார்த்து அப்போதைய அறிவிப்பாளர் விடுப்பு. மேலாளரே மைக்கைப் பிடித்தார். மழை இரைச்சலில் அவர் பேச்சு எடுபடவில்லை. பையும் பிள்ளையுமாக ஜனம் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் ஓடியது. நனைந்த காலணியோடு ஓடியவர்களில் நானும் ஒருவன். பின்னால் நகர்ந்துகொண்டிருந்த ஒரு வண்டியின் அருகே பெரியவர் ஒருவர் வழுக்கி விழுந்தார்.

டிக்கெட் சன்னல் வழியே அதைப் பார்த்த இவர் எழுந்து ஓடினார். மைக் எப்படித் தன் கைக்கு வந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. மெல்லிய குரலைத் தேட நேரமில்லை.

"டிரைவர், நிறுத்துங்க! எல்லாரும் அப்படியே நில்லுங்க! வண்டி உங்கள விட்டுட்டு எங்கயும் போயிடாது. ஒவ்வொண்ணாச் சொல்றேன், கேளுங்க!"

நிலையமே நின்றது. வண்டி நின்றது. என் கால்களும் நின்றன. இரண்டு பேர் பெரியவரைத் தூக்கி உட்காரவைத்தார்கள். நாற்பது நிமிடம் அந்தக் குரல் எங்களை வரிசையாக வண்டியேற்றியது. யார் இது, யார் இது என்று கேட்டுக்கொண்டே ஏறினோம்.

மறுநாளே அறிவிப்பு வேலை அவருக்கு வந்தது. ஒரே வாரத்தில் மேலிடத்திலிருந்து அதிகாரி ஒருவரும் வந்தார். "பொம்பளைக் குரல் மாதிரியே இல்லையேம்மா. கொஞ்சம் மெலிசாப் பேசக்கூடாதா?"

மைக்கைக் கீழே வைத்தாராம். நேராகவே சொல்லிவிட்டார்: "இருபது வருஷம் மெலிசாத்தான் சார் பேசினேன். யார் காதுலயும் விழல. நான் பொம்பள, இது என் குரல். வேணாம்னா சொல்லுங்க, பழைய சன்னலுக்கே போயிடறேன். ஆனா இனிமே அங்கயும் இப்படித்தான் பேசுவேன்."

அதிகாரி மேலாளரைப் பார்த்தார். அதுவரை 'ஏம்மா' என்றே கூப்பிட்டுவந்த மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மேடம், அஞ்சரை வண்டி கிளம்பப் போகுது. சீக்கிரம் மைக்குக்குப் போங்க."

இந்தக் கதையைப் போன வாரம் அவர் எனக்குச் சொல்லி முடித்த நிமிடம் மின்சாரம் போய்விட்டது. மைக்கைத் தட்டினார், மூச்சில்லை. வெளியே ஆறு வண்டிகள் உறுமிக்கொண்டிருந்தன, எது எங்கே போகிறது என்று தெரியாமல் ஜனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. மின்சாரம் திரும்பி வரக் கால் மணி நேரமாகும் என்றார்கள்.

"கால் மணியா? நல்லாருக்கே!"

நாற்காலியிலிருந்து குதித்து, விறுவிறுவென்று மேடைக்குப் போய், பயணிகள் பெஞ்சு ஒன்றின்மேல் ஏறி நின்றார். பக்கத்தில் நின்ற நடத்துநர் அவரைப் பார்த்ததும் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சிரித்தபடியே இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார்.

அவர் இடுப்பில் கைகளை ஊன்றி, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார்.