நாக்கு செத்த சமையல்காரன்

கல்யாணச் சமையல்காரனுக்குக் கை தளர்ந்தா கூலிக்கு ஆள் வைக்கலாம், நாக்கு தளர்ந்தா என்ன செய்ய? கரண்டி பிடிச்சுப் பிழைக்கிற உங்களிட்ட சொன்னாத்தான் என் பாடு விளங்கும்.

காய்ச்சல் கொண்டுபோனது

ஒரு காய்ச்சல் வந்து போச்சு. போகும்போது ருசியையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டு. இஞ்சியைக் கடிச்சேன், நாரங்கா ஊறுகாயை நக்கினேன், ஒண்ணும் தெரியல்ல. உதியன்குளங்கரையில ஐநூறு இலைக் கல்யாணம், பத்தே நாள்தான் உண்டு. வெளியில தெரிஞ்சா பிறகு எவன் சமையலுக்கு விளிப்பான்? பெண்டாட்டி தங்கம்மையிட்ட மட்டும் மெதுவாச் சொன்னேன். அவ முகத்துல ஒரு தெளிச்சம்.

"நல்லதாப் போச்சு. முப்பது வருஷமா எங் குழம்பைக் குறை சொன்ன நாக்காக்கும் அது!"

இரவல் நாக்கு

கல்யாணத்தன்னைக்கு அவளையே அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போனேன். பருப்பு, அவியல், சாம்பார் எல்லாத்தையும் உள்ளங்கையில ஊத்திப் பார்த்து, "உப்பு தாராளம், இனி வேண்டாம்"ன்னா. அள்ளின உப்பைத் திரும்ப உப்புப் பானையிலேயே போட்டேன். அவளுக்குப் பிரஷர் வந்து, டாக்டர் உப்பை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சுங்கிறது இலை போட்ட பிறகுதான் ஓர்மை வந்தது.

முதல் பந்தியில பாயசத்தை யாரும் ரெண்டாவது கேக்கல்ல; இலை மூலையில வைக்கிற உப்பைத்தான் கேட்டாவ. பரிமாறுத தாசன் ஓடி வந்தான்.

"அண்ணே, சாம்பாரை விடும். உப்பு ஒரு வாளி உண்டா?"

சம்மந்தக்காரங்க வச்ச சாம்பார்

அடுத்த பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு. பெண்ணோட அப்பா ஞானதாஸ், ஆரியங்கோட்டுல ரப்பர் மரத்துல பால் வெட்டுதவர், முகம் சிவந்து வந்தார். மறைக்க வழியில்ல, உள்ளதைச் சொல்லிட்டேன். மனுஷன் வேட்டியை மடிச்சுக் கட்டிக் கரண்டியை வாங்கி, உப்பு போட்டார், புளி கரைச்சு விட்டார். அந்நேரம் மாப்பிள்ளையோட மாமன் வந்து எட்டிப் பார்த்தார், அதியன்னூர்க்காரர்.

"இது சாம்பாரா ரசமாடே? ஒரு துண்டு வெல்லம் இடு!"

"எங்க வீட்டுல சாம்பார்ல வெல்லம் போட்டா மாப்பிள்ளையை மாத்தச் சொல்லுவாவ!" ஞானதாஸ் விடல்ல.

ரெண்டு பேரும் மாறி மாறிப் போட்டு, மாறி மாறி நக்கிப் பார்த்தாவ. பந்தியில கேட்டுக் கேட்டு சாம்பார் மூணு தடவை ஓடிச்சு. மாமன் வரிசை வரிசையா நடந்தார்.

"நல்லா விட்டுக் குழைச்சுத் தின்னுங்கடே, நான் வச்சதாக்கும்!"

பாத்திரம் ஏத்தின நேரம்

இதோட நம்ம தொழில் தீர்ந்துதுன்னு நினைச்சு வண்டியில உருளியை ஏத்திட்டிருந்தேன். ஞானதாஸ் பின்னாலேயே வந்து தோளில கை போட்டார்.

"அண்ணே, இளையவ கல்யாணத்துக்கும் நீருதான். நாக்கை மட்டும் நாங்க கொண்டு வாறோம்."

ருசி இப்ப திரும்பி வந்துட்டு. ஆனாலும் உப்புப் போடுத நேரம் பார்த்து ரெண்டு வீட்டுக்காரனையும் அடுப்படிக்கு விளிச்சிருவேன், தான் உப்புப் போட்ட சாம்பாரைக் குறை சொன்ன மனுஷனை இதுவரைக்கும் நான் கண்டதில்ல.